இரண்டாம் தாளுக்குப் போன வரி

ஸ்ரீவில்லிபுத்தூர்
24.2.1999

அய்யூப்,

சலாம் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மச்சானின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நீ வந்து வாசலில் நின்றாய். கூடப்பிறந்த தம்பி முகத்தில் மாஜிதா கதவைச் சாத்திவிட்டாளே என்று தெரு பேசிக்கொண்டிருக்கிறது. பேசட்டும். நான் புருசனைப் பறிகொடுத்து இத்தா இருக்கிறவள். மே மாதம் வரைக்கும் வாசல்படி தாண்டக் கூடாது. ராஜபாளையம் என்ன சீமையா? பஸ் ஏறினால் செத்த நேரத்தில் வந்துவிடும். ஆனால் நான் வர முடியாது. உன்னை உள்ளே விட்டு முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்ன செய்வேனோ, எனக்கே பயமாக இருக்கிறது. எழுதித்தான் கேட்க வேண்டும்.

அன்று ஆக்கிய சோறு பாதி மிஞ்சிப் போனது உனக்குத் தெரியுமா? சொல்லி அனுப்பிய வீடுகளில் பல பேர் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று பக்கத்து வீட்டு மெகராஜ் பேகம் அக்காவைப் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, "மனசுல வச்சுக்காதட்டி மாஜிதா. கபீரு வேணும்னேதான் மெஷினுக்குள்ள கையக் குடுத்துட்டாருன்னு பேசிக்கிடுதாக. தன்னை மாய்ச்சுக்கிட்டவுகளுக்கு எப்பிடி வந்து துஆ கேக்கன்னு யோசிக்காக" என்றாள்.

அந்தப் பேச்சுக்கு வேர் ரெண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று என் வீட்டிலேயே. அவர் போன அன்று, நோன்பு வைக்க விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டில் எங்களுக்குச் சண்டை. பெருநாளைக்குக் கான்சாபுரத்தில் அவர் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். "நான் செத்தாத்தாம்ட்டி உனக்கு நிம்மதி" என்று தெரு கேட்கக் கத்திவிட்டு, நோன்போடு முதல் ஷிப்டுக்குப் போன மனுசன். கட்டின பெண்டாட்டியிடம் எந்த ஆம்பளைதான் அப்படிச் சொல்லவில்லை? ஆனால் இவர் அன்று மத்தியானமே மௌத்தாகி வந்துவிட்டாரே.

இன்னொரு வேர் உங்கள் மில்லில். மேனேஜர் தனுஷ்கோடி ஒரு தாளைக் காட்டுகிறாராம். அந்த மெஷினுக்கு நேராக, 'மூடி மாட்டும் வரை கையால் பஞ்சு எடுக்கக் கூடாது' என்று அச்சடித்திருக்கிறதாம். காலையிலேயே ஷெட்டில் ஒட்டியிருந்ததாம். படித்துப் பார்த்துவிட்டும் கை வைத்தவரை என்னவென்று சொல்வது என்று கேட்கிறாராம். அந்தத் தாளின் அடியில், 'அன்றைய தாளின் சரியான நகல்' என்று கையெழுத்துப் போட்டிருப்பவன் நீ.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். என் மகள் நூர்னிசாவின் அத்தா அந்த வரியைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? பார்த்தார் என்றால் அவரைக் கொன்றது மெஷின் இல்லை, நான்தான். அதை எனக்குச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. மறைக்க உரிமை இல்லை.

மாஜிதா


ராஜபாளையம்
3.3.1999

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அம்மாவுக்கு இளைப்பு கூடியிருக்கிறது. பேத்தியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று புலம்புகிறது.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். என் வேலை மெஷின்களின் நிலவரத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து அச்சடித்துக் கொடுப்பது. மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் வேல்சாமி அண்ணன் ஒவ்வொரு மெஷினையும் பற்றிச் சொல்வார், நான் அடிப்பேன். அன்றும் அப்படித்தான் நடந்தது. மச்சான் ஓட்டுகிற பதினாலாம் நம்பர் மெஷினுக்கு அந்த எச்சரிக்கையை அவர் சொன்னார், நான் அடித்தேன். அது சத்தியம். வழக்கம்போல ரெண்டு தாளும் காலையிலேயே ஒட்டியாகிவிட்டது. மச்சான் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று பக்கத்தில் இல்லாத நான் எப்படிச் சொல்வேன்?

மச்சான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை அக்கா. உனக்கே தெரியும். ஊர் வாய்க்கு உலைமூடியா போட முடியும்? கொஞ்ச நாளில் அடங்கிவிடும்.

ஏப்ரலில் மில் விசாரணை வைக்கப் போகிறது. மதுரையிலிருந்து ஒரு வக்கீல் வருகிறார். அதற்கு முன்னால் நான் எதையாவது எழுதி, அது யார் கையிலாவது கிடைத்தால் வேலை போய்விடும். என்னைப் புரிந்துகொள்.

ஒரு நாள் வருகிறேன். கதவைச் சாத்தாதே.

அன்புத் தம்பி
அய்யூப்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.3.1999

ஏலே அய்யூப்,

ரெண்டு தாளா?

மேனேஜர் காட்டுவது ஒத்தைத் தாள். அவர் வேலை பார்த்த, பஞ்சு சீவுகிற கார்டிங் ஷெட் என்று தலைப்புப் போட்டு, பதினாலாம் நம்பர் விவரம் முழுசாக ஒரே கட்டத்துக்குள் இருக்கிற தாள். நீ எழுதுவதோ, 'வழக்கம்போல ரெண்டு தாளும்'. சின்ன வயதிலேயே உனக்குப் பொய் சொல்ல வராது. மிட்டாயைத் தின்றுவிட்டு வாயைத் துடைக்க மறந்து வந்து நிற்பாய். இப்போதும் அப்படித்தான் நிற்கிறாய்.

வேல்சாமியை வரச் சொல்லி ஆள் விட்டேன். வாசலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போனார். தாள் எங்கே எப்படி ஒட்டுவீர்கள் என்று கேட்டேன். "முத தாளு கார்டிங்குல ஒட்டுவோம்மா, ரெண்டாவது தாளு ஸ்பின்னிங்குல. ரெண்டு ஷெட்டுக்கும் ஒரே பிரிண்டு போதும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாக" என்றார். அதற்கு மேல் கேட்டதற்கு, "தம்பிகிட்டயே கேளுங்கம்மா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

வேலை போய்விடும் என்கிறாய். என் வீட்டில் ஆளே போய்விட்டதடா. அந்த ஆளுக்குப் பேரும் போகிறது. நாளைக்கு நூர்னிசாவைப் பெண் கேட்டு வருகிறவன் என்ன கேட்பான்? அது கிடக்கட்டும். தொழுது முடித்து அவருக்காகக் கையேந்தும்போது, இது போய்ச் சேருமா சேராதா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அதை விடக் கொடுமை என்ன இருக்கிறது?

அந்த வரி எந்தத் தாளில் இருந்தது? அதை மட்டும் எழுது. அம்மா இளைப்பு, ஊர் வாய், உலைமூடி எதுவும் வேண்டாம்.

மாஜிதா


ராஜபாளையம்
17.3.1999

அக்கா,

ரெண்டாவது தாளில்.

எழுதிவிட்டேன். இனி மீதியையும் எழுதுகிறேன். படித்த பிறகு நீ என்னைத் தம்பி என்று நினைக்க வேண்டியதில்லை.

முன்னால் இருந்தது பழைய பிரிண்டர். ஓரத்தில் ஓட்டை போட்ட தாள் முடிவில்லாமல் மடிந்து மடிந்து வரும். எல்லா மெஷினும் ஒரே நீளத் தாளில் இருக்கும். அதை அப்படியே கொண்டுபோய்க் கார்டிங் ஷெட்டுக்கும் ஸ்பின்னிங்குக்கும் நடுவில் உள்ள நடையில் தொங்கவிடுவார்கள். எல்லாம் இங்கிலீஷில். மச்சானுக்கு வாசிக்க வராது. யாரையாவது கேட்பார், சிரிப்பார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. போன தீபாவளிக்குப் பிறகு நான்தான் மாற்றினேன். இன்டர்நெட் பார்க்கிறதற்கு பிரவுசர் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதிலேயே கட்டம் கட்டமாக அட்டவணை போட்டு, தமிழ் எழுத்து ஏற்றி, புது பிரிண்டரில் வெள்ளைத் தாளில் எடுத்தேன். மேனேஜர் தோளில் தட்டினார். மச்சான் அன்று சாயங்காலம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "என் மச்சினன் போட்டதுடா" என்று கடையில் இருந்த எல்லாரிடமும் சொன்னார்.

பிரவுசருக்குத் தாள் என்றால் என்னவென்று தெரியாது அக்கா. திரையில் அட்டவணை ஒரே நீளமாக ஓடும். அச்சடிக்கச் சொன்னால், தாளின் உயரத்தை அளந்து, அது முடிகிற இடத்தில் வெட்டிவிட்டு, மிச்சத்தை அடுத்த தாளில் தொடரும். வெட்டுகிற இடத்தில் ஒரு மெஷினின் விவரம் பாதியில் நிற்கிறதா என்று பார்க்காது. ஜவுளிக்கடைக்காரன் மீட்டர் கணக்கில் துணி கிழிக்கிற மாதிரிதான். பூ நடுவில் கிழிந்தாலும் அவனுக்கு என்ன?

அன்று பதினாலாம் நம்பர் முதல் தாளின் கடைசியில் வந்தது. வேல்சாமி அண்ணன் சொன்னது ரெண்டு வரி. முதல் வரி: 'பெல்ட் புதுசு மாற்றியாச்சு. மெஷினை ஓட்டலாம்.' அதோடு தாள் முடிந்தது. ரெண்டாவது வரி: 'பின்பக்க மூடி இன்னும் மாட்டவில்லை. மாட்டும் வரை கையால் பஞ்சு எடுக்கக் கூடாது.' அது அடுத்த தாளின் தலைமாட்டுக்குப் போய்விட்டது. மேலே தலைப்பு இல்லை, பக்கத்தில் மெஷின் நம்பர் இல்லை. அந்த நம்பர் முதல் தாளிலேயே நின்றுவிட்டது. அந்தத் தாள்தான் ஸ்பின்னிங் ஷெட்டுக்குப் போனது.

மூடி இருந்தால், முன்பக்கமிருந்து விடுகிற கை சுழல்கிற உருளை வரைக்கும் போகாது. தினமும் அந்த இடத்தில் கையை விட்டுத்தான் பஞ்சு எடுப்பார்கள். முன்னால் நிற்கிறவனுக்குப் பின்பக்க மூடி இல்லாதது தெரியாது. மச்சானுக்குத் தாள் சொன்னது 'ஓட்டலாம்' என்பது மட்டும்தான்.

ஸ்பின்னிங்கில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே பொன்னுராஜ் என்று ஒருவர். தலையில்லாமல் வந்த அந்த வரியைத் தன் முதல் மெஷினுக்குத்தான் போட்டிருக்கிறது என்று நினைத்து, அதை அன்று காலை முழுக்க ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தார். மூடி சரியாக இருந்த மெஷினை நிறுத்திவிட்டார்கள். மூடி இல்லாத மெஷின் ஓடியது.

சத்தம் கேட்டு நான் ஓடியபோது மச்சானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் முதல் தாள் அப்படியே இருந்தது. கடைசி வரியைப் படித்தேன்.

அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனித் தாள். ஒரு மெஷினின் விவரம் மிச்ச இடத்தில் அடங்காது என்றால் அதை முழுசாக அடுத்த தாளுக்குத் தள்ளும்படி செய்தேன். இன்னொருத்தர் சாகக் கூடாது என்ற ஒரே நினைப்பில் செய்தேன், அல்லாஹ் அறிவான். பிறகு ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, "கபீரு இறந்த பதினொண்ணாம் தேதித் தாளு ஒண்ணு எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றார். எடுத்தேன். புது ஏற்பாட்டில் எடுத்ததால் ரெண்டு வரியும் ஒரே கட்டத்தில் அழகாக வந்து நின்றது. சுவரில் ஒட்டியிருந்த பழைய தாள்களை அதற்குள் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். போடும்போதே தெரியும். வாயைத் திறக்கவில்லை.

உயிரைக் காப்பாற்றச் செய்ததே மச்சானுக்கு எதிராகச் சாட்சியாகிவிட்டது.

அய்யூப்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.3.1999

அய்யூப்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். மெகராஜ் பேகம் அக்கா பயந்துபோய் ஓடிவந்து, "ஏட்டி, என்னாச்சு ஒனக்கு?" என்று என் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவர் வேண்டுமென்றே போகவில்லை, என் மேல் கோபத்தில் போகவில்லை. சாயங்காலம் நோன்பு திறக்க வீட்டுக்கு வந்திருப்பார். கஞ்சியில் உப்பு இல்லை என்று திரும்பவும் சண்டை போட்டிருப்பார். அதை நினைத்துச் சிரித்தேன். பிறகுதான் அழுகை வந்தது. இத்தனை நாள் அழாததெல்லாம் சேர்ந்து வந்தது.

அதன் பிறகு உன்னை வைதேன். வாயில் வராததெல்லாம் வந்தது. நீ அட்டவணை போட்டது தப்பு என்று வையவில்லை. தாள் வெட்டுப்படும் என்று நீ என்ன கனவா கண்டாய்? தெரிந்த பிறகு கையெழுத்துப் போட்டாயே, அதற்குத்தான் வைதேன். அவரை மெஷின் ஒரு தடவை கொன்றது. கையெழுத்துப் போட்டு நீ ரெண்டாம் தடவை கொன்றாய்.

எனக்கு எழுதியதை விசாரணையில் எழுந்து சொல். வாய்விட்டுச் சொல். பள்ளிவாசலிலும் சொல். அது வரைக்கும் என் கதவு சாத்தியே இருக்கும். அம்மாவை மட்டும் அனுப்பு. நூர்னிசாவும் தேடுகிறாள்.

மாஜிதா


ராஜபாளையம்
27.4.1999

அக்கா,

அம்மா சுகமாக வந்து சேர்ந்தது என்று வேல்சாமி அண்ணன் சொன்னார். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதே.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தெரியும். அதனால் முந்தின வாரமே கிருஷ்ணன்கோவில் காலேஜில் வேலை பார்க்கிற ஒரு சிநேகிதனைப் பிடித்து, அங்கே உள்ள கம்ப்யூட்டரில் என் ஞாபகத்திலிருந்து பழைய அட்டவணையை அப்படியே திரும்பப் போட்டு அச்சடித்தேன். அதே இடத்தில் வெட்டியது. 'ஓட்டலாம்' முதல் தாளில் நின்றது. மிச்சம் அடுத்த தாளுக்குப் போனது.

வக்கீல் தாள்களை வாங்கிப் பார்த்தார். "இது மில்லு கம்ப்யூட்டர்ல அடிச்சதா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இது நீங்களா உண்டாக்கினது." பிறகு, "இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அக்கா மாப்பிள்ளை என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார். மேனேஜர் என் கையெழுத்துப் போட்ட தாளை மேஜையில் வைத்தார். "இதுல உங்க கையெழுத்து உண்மையா, இப்ப நீங்க சொல்றது உண்மையா?" என்றார்கள். ரெண்டும் என்னுடையதுதானே.

பொன்னுராஜைக் கூப்பிட்டார்கள். அன்று மெஷினை நிறுத்தினீர்களா என்று கேட்டதற்கு, "ஞாபகம் இல்லீங்க" என்றார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

'எச்சரிக்கையை மீறி இறந்தவர் தானாகச் செய்துகொண்டது' என்று எழுதி முடித்துவிட்டார்கள். பொய் சொன்னதற்காக என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மில் சொன்ன பொய்யில் ரெண்டு மாதத்துக்கு மேல் நன்றாகத்தான் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்ன அன்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ரெண்டு தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. நீ சொன்ன இன்னொரு இடம் பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

அய்யூப்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.5.1999

அய்யூப்,

வெள்ளிக்கிழமை நீ பள்ளிவாசலுக்கு வந்துபோனது அன்று சாயங்காலமே என் காதுக்கு வந்துவிட்டது. மெகராஜ் பேகம் அக்கா வீட்டுக்காரர் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

செருப்புக் கழற்றுகிற இடத்தில் முதல் தாளை ஒட்டினாயாம். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற ஹவுள் தொட்டிக்குப் பக்கத்தில் ரெண்டாவதை ஒட்டினாயாம். ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் வெளியே வந்ததும், நைனா முகமது மாமாவைக் கூப்பிட்டு முதல் தாளின் கடைசி வரியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாயாம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தாராம். "இந்த மெஷினுல நீங்க வேலை பாக்கீங்கன்னு வச்சுக்கோங்க மாமா. ஓட்டுவீங்களா, மாட்டீங்களா?" என்றாயாம். "ஓட்டலாம்னுதானப்பா போட்டிருக்கு, ஓட்டாம என்ன செய்ய?" என்று அவர் சொல்ல, கூட நின்றவர்களும் ஆமாம் என்றார்களாம். அப்புறம் எல்லாரையும் ஹவுள் பக்கம் கூட்டிப்போய் மற்றதைக் காட்டினாயாம். "கபீர் மச்சான் வாசிச்சது அங்க இருக்கிறது. அவுகளுக்கு வாசிக்கக் கிடைக்காதது இது. போட்டவன் நான். மறைச்சவனும் நான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாயாம். எல்லாரும் அங்கேயே நின்று அவருக்குப் பாத்திஹா ஓதியிருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து வீட்டுக்குப் பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நாற்பதுக்கு வராதவர்கள் எல்லாம் வந்து கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அதில் ஒருத்தி போகிற போக்கில், "தம்பி கையாலேயா போகணும்?" என்றாள். ஊர் வாய் சும்மா இருக்குமா, அடுத்த தீனி கிடைத்துவிட்டது. "போனவரு பேரு பிழைச்சுப்போச்சு. என் தம்பிய நான் வைவேன், நீ வையாதே" என்றேன். அவள் காப்பி குடிக்காமலே போய்விட்டாள்.

நீ அனுப்பிய முதல் தாளை எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது. நானாக இருந்தாலும் கையை விட்டிருப்பேன் அய்யூப். யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள்.

இப்போது இந்தக் கடிதம் எழுத வந்த காரணம். நேற்று வேல்சாமி வந்தார். உன் இடத்தில் புது ஆள் போட்டிருக்கிறார்களாம். நீ செய்த திருத்தம் அவனுக்குப் புரியவில்லையாம். மேனேஜர் அறையில் உன் பழைய அட்டவணையோடு கிடந்த ஒரு பிளாப்பியை எடுத்து ஏற்றிவிட்டானாம். திரும்பவும் ரெண்டு தாள். ஒன்று கார்டிங்குக்கு, ஒன்று ஸ்பின்னிங்குக்கு. சனிக்கிழமை எட்டாம் நம்பர் விவரம் நடுவில் வெட்டுப்பட்டதாம். வேல்சாமி மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "ஒன் வேலையப் பாரு" என்று பதில் வந்ததாம். அந்த ரெண்டு தாளையும் சுவரிலிருந்து பிய்த்து, மடித்து, என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மில் கம்ப்யூட்டரில் மில்லே அடித்த தாள். "இது போதுமாம்மா?" என்று கேட்டார். அவருக்கும் புள்ளகுட்டி இருக்கிறது. ஆனாலும் கொண்டுவந்தார்.

எட்டாம் நம்பரில் வேலை பார்க்கிறவர் பேர் கேட்டேன். மொக்கைச்சாமி என்று வத்திராயிருப்புக்காரராம். அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவளும் காலையில் ஏதாவது சண்டை போட்டிருப்பாள்.

நாளையோடு எனக்கு இத்தா முடிகிறது. நாளை மறுநாள் முதல் பஸ்ஸில் வாரேன். மில் வாசலில் ஷிப்டு மாறுகிற நேரத்தில் நின்று ரெண்டு தாளையும் சேர்த்து வாசிக்கப் போகிறேன். உள்ளே விடமாட்டார்கள். விட வேண்டாம், என் தொண்டை உள்ளே போகும். உனக்குத் தெரியும். தினமும் வருவேன். அவர்கள் அந்தத் தாளை மாற்றுகிற வரைக்கும் வருவேன்.

நீ பக்கத்தில் வந்து நில். ஒரு தாளை நான் பிடிக்கிறேன், ஒரு தாளை நீ பிடி.

அதற்கு முன்னால் உன் வீட்டுக்கு வருவேன். உன்னை வைய வேண்டியது இன்னும் நிறையப் பாக்கி இருக்கிறது, கடிதத்தில் வைது என் கை வலிக்கிறது. சலாம் அப்போது சொல்ல வாய் வருமோ வராதோ, எனக்கே தெரியாது. கதவைத் திறந்து வை.

மாஜிதா